பேப்பருக்கு அடியில்

பேப்பர் முகத்தில் விழுந்ததும் தணிகாசலம் முதலில் தேடியது அந்த ஓட்டையைத்தான். சாயங்காலம் மேக்கப் அறையில் எல்லாரும் சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது ஊதுபத்தி நுனியால் அவர் சுட்டுவைத்த ஓட்டை. மிளகு அளவுதான் இருக்கும். வலது கண்ணுக்கு நேராக வந்து உட்கார வேண்டியது, இப்போது புருவத்துக்கு மேலே ஏறி நின்றுகொண்டு ஒன்றையும் காட்டமாட்டேன் என்றது. கையை நீட்டிச் சரிசெய்ய முடியாது; அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். நங்கநல்லூரில் ஒரு மண்டபத்து மேடையில், அரங்கு நிறைந்த ஜனங்களுக்கு முன்னால், ‘அப்பா தூங்குகிறார்’ நாடகத்தின் மூன்றாம் காட்சியில், ரிட்டையர்டு தாசில்தார் வேதாசலமாகச் சாய்வு நாற்காலியில் படுத்து, அன்றைய பேப்பரை முகத்தில் மூடிக்கொண்டு தூங்குகிற வேஷம். அப்பா தூங்கிவிட்டார் என்று நம்பி மகனும் மருமகளும் வீட்டை விற்கத் திட்டம் போடுவார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கிடப்பார். காட்சி முழுக்க அவருக்கு இரண்டே இரண்டு வசனம். ஒன்று, பேப்பருக்கு அடியிலிருந்தே. இன்னொன்று, பேப்பரை விலக்கி எழுந்து உட்கார்ந்து, இடைவேளைத் திரைக்கு முன்னால். அந்த முதல் வசனத்துக்குக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சிரிப்பதில்லை. அந்தச் சிரிப்பு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும், யார் கொண்டுபோகிறார்கள் என்றும் தெரியும், எப்படி என்பதுதான் தெரியாது, அதற்குத்தான் இந்த ஓட்டை. இன்றைக்கு மருமகளாக நடிக்கிற எஸ்தரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது. நல்லவேளை, குறட்டை விட அவருக்கு உரிமை உண்டு. ஒரு குறட்டை விட்டு, தலையை லேசாகச் சரித்தார். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேப்பர் வழுக்கி, ஓட்டை கண்ணுக்கு நேராக வந்து நின்றது. வட்டத்துக்குள்ளே ஒரு துண்டு நீலப் புடவை. அவள்தான். இவ்வளவு கிட்டத்திலா நிற்கிறாள்?

இவ்வளவு கிட்டத்தில்தான் நிற்கிறாள், அதுதான் முதல் ஆதாரம். நாடகம் ஆரம்பித்த நாட்களில் இந்தக் காட்சியில் எஸ்தருக்கு இடம் சாப்பாட்டு மேஜையோரம். அங்கே நின்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பேசுவாள். நாடகத்தை எழுதி டைரக்ட் பண்ணுகிற சிவபாலன் சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டிய இடம் அது. யாரைக் கேட்டு இங்கே வந்தாள்? கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு ஷோவுக்கும் ஒரு அடி என்கிற மாதிரி, குடியிருக்க வந்தவன் வேலியை நகர்த்துகிற மாதிரி நகர்ந்து நகர்ந்து, இப்போது அவள் நிழல் அவருடைய பேப்பர்மேல் விழுகிறது. மேலே தொங்குகிற மைக்குக்கும் அவருக்கும் நடுவில் அவள் தலை. “ஏங்க, மாமா நல்லாத் தூங்கிட்டாரான்னு பாருங்க முதல்ல.” அவள் குரல். “அவரு படுத்தா கட்டைதான். இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாரு.” இது கோதண்டம், மகனாக நடிப்பவன், நிஜத்தில் ஒரு கொரியர் கம்பெனியில் மேனேஜர். கோதண்டத்தின்மேல் தணிகாசலத்துக்குப் பெரிய சந்தேகம் இல்லை, கொஞ்சம்தான். காட்சிக்குப் போகுமுன் இப்போதெல்லாம் அவன் இவர் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்துகிறான். எதற்கு? ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைப் பார்க்கப் போனால்தான் அப்படி அழுத்துவார்கள். ஆனால் கோதண்டம் ஏவினால் செய்கிறவன். ஏவுகிறவள் இவள்தான். இவர் வசனத்தைச் சொல்லுவார், அரங்கம் கல்லுமாதிரி கிடக்கும். ஏன் கிடக்கும்? அந்தச் சமயம் பார்த்து இவள் ஏதோ பண்ணுகிறாள். முகத்தைச் சுளிப்பாளோ, முந்தானையை உதறுவாளோ, ஜனங்கள் கண் அவள்மேல் போய்விட்டால் காது இங்கே இருக்காது. ஒரு வசனத்தைக் கொல்ல ஒரு விரலை அசைத்தால் போதும் என்பது மேடையில் நின்றவனுக்குத் தெரியும். அப்புறம், கொன்றது போதாதென்று, அதே வசனத்தை இவள் எடுத்துக்கொண்டு, “மாமா ஏதோ முனகுறாருங்க” என்று ஒரு வாலை ஒட்டித் தன் வாயால் திருப்பிச் சொல்வாள். சிரிப்பு கொட்டும். அவருடைய சிரிப்பு, அவருடைய காதுக்குப் பக்கத்தில், இன்னொருத்திக்கு. ஸ்கிரிப்டில் இல்லாத வரி. சிவபாலனிடம் கேட்டதற்கு, “நல்லாத்தானே அண்ணே இருக்கு, விடுங்க” என்று சொல்லிவிட்டு வேட்டியைச் சரிசெய்யப் போய்விட்டான். எழுதினவனே கண்டுகொள்ளவில்லை என்றால் எழுதினவனுக்கும் பங்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆரம்பத்தில் இப்படியா இருந்தது! முதல் ஷோவன்று மின்வாரிய ஆபீசில் லீவு போட்டுவிட்டு, மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதத்தை மேடையோரத்து விங்குக்குப் பின்னால் வாந்தியெடுத்தவர் அவர். உள்ளங்கை வேர்த்து பேப்பரின் மை விரலில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பயத்தில் காது நாய்க்காது ஆகிவிடும். கடைசி வரிசையில் ஒருவன் முறுக்கு கடிப்பதுகூடக் கேட்கும். இதே எஸ்தர்தான் அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினாள். அப்புறம் நாடகம் ஓட ஆரம்பித்தது. பயம் போய் ருசி வந்தது. எங்கே மூச்சு விட்டால் எங்கே சிரிப்பு விழும் என்று உடம்பே படித்துக்கொண்டது. பேப்பருக்கு அடியில் படுத்துக்கொண்டு, வசனத்தை ஒருதடவை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பார். முழுசாக, ஏற்ற இறக்கத்தோடு, நாக்கைக்கூட அசைக்காமல். ‘பத்திரத்துல கையெழுத்து வேணும்னா எழுப்புங்கடா.’ அது சரியாக விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு, அதன் வாலைப் பிடித்த மாதிரி உடனே வாய்விட்டுச் சொல்வார். அது அவருடைய வித்தை, யாரிடமும் சொன்னதில்லை. ருசியான நாட்கள் அவை. அப்புறம் எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, ருசியும் போயிற்று. போனது தெரியாமல் போயிற்று. கால் தானாக நடந்து இடத்துக்குப் போகிறது, கை தானாகக் கண்ணாடியைக் கழற்றுகிறது, வாய் பாட்டுக்கு வசனம் சொல்கிறது, அவர் மட்டும் வேறெங்கேயோ, தாம்பரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த கேஸ் ஃபைல், மாப்பிள்ளைக்கு வாங்க வேண்டிய செருப்பு அளவு, என்று சுற்றிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் இரண்டாம் காட்சியில் அழுது முடித்துக் கைதட்டல் வந்தபோதுதான் அழுததே தெரிந்தது. இதைத் தேர்ச்சி என்றுதான் அவர் நினைத்துக்கொண்டார். நினைக்காமலே வருவதுதானே தேர்ச்சி? சைக்கிள் ஓட்டுகிறவன் பெடலையா பார்க்கிறான்? அப்படித் தேர்ந்த ஆளைத்தான் இவள் கவிழ்க்கப் பார்க்கிறாள். பொறாமை. வேறென்ன.

“புரோக்கர் நாளைக்கே அட்வான்ஸோட வர்றேங்கிறான்.” “நாளைக்கா? மாமாவ எங்க கொண்டு வைக்கிறது?” இன்னும் நேரம் இருக்கிறது. முதுகு வலித்தது. இந்த நாற்காலியும் ஒரு சாட்சிதான். பின்பக்கத்துக் கட்டையை அவர் எப்போதும் இரண்டாவது பள்ளத்தில் மாட்டுவார், போன வாரம் ஷோவுக்கு வந்தால் அது கடைசிப் பள்ளத்தில் கிடக்கிறது. யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், அவரைவிட உயரமான யாரோ. யார் என்று விசாரிக்கவே வேண்டாம், இதோ வலது விங்கில் இருமுகிறாரே பிச்சாண்டி, அந்தப் பொடி போட்ட இருமலைத் தமிழ்நாட்டு மேடையில் எல்லாருக்கும் தெரியும். வேறு குழுவில் ராஜாவாகவும் ஜமீன்தாராகவும் நடித்த மனுஷன், இங்கே எதற்கு ஒவ்வொரு ஷோவுக்கும் வந்து விங்கில் ஸ்டூல் போட்டு உட்காருகிறார்? மடியில் ஸ்கிரிப்ட் வேறு. “சும்மா பாக்க வந்தேன் தணிகை, உன் தாசில்தாரு பிரமாதம்ப்பா” என்கிறார். பிரமாதம் என்றால் ஒருதடவை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே. அடுத்த மாதம் மும்பையில் ஷோ, அதற்கும் அவர் வருகிறாராம், சும்மா துணைக்கு. சிவபாலன் இதைச் சொன்னபோது மூஞ்சியைப் பார்க்காமல் சொன்னான். சொல்லிவிட்டு, “அண்ணே, ராத்திரியில நல்லாத் தூங்குறீங்களா?” என்று கேட்டான். தூங்குகிற வேஷக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? மேக்கப் அறைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுபோகிறது. எல்லாரும் சேர்ந்து ஒரே சமயத்தில் செல்போனைப் பார்க்கிறார்கள். ஆபீசில் இன்னும் நாலு வருஷம்தான், அதற்கப்புறம் அவர் வெறும் ரிட்டையர்டு கிளார்க். மேடைமேல் மட்டும்தான் தாசில்தார், மேடைமேல் மட்டும்தான் ஊரே அவர் வாயைப் பார்க்கும். அதையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் எங்கே போய் நிற்பது? வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், பெண்டாட்டி கமலவேணி நேற்றுக்கூட ஒரு பாட்டம் ஆடினாள். கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொல்லி அவர் திங்கட்கிழமையே சொன்னார். நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஹாலில் நின்றுகொண்டு சொன்னார். “நீங்க வாயத் தொறக்கவே இல்லீங்க” என்று சாதிக்கிறாள். டிவி சீரியலில் தலையை விட்டுக்கொண்டு காதைக் கழற்றி வைத்துவிட்டால் எப்படிக் கேட்கும்? ஊரில் ஒருத்தருக்கும் இவர் சொல்வது கேட்பதில்லை. கேட்காத மாதிரி இருப்பது இப்போது ஒரு பாஷன் ஆகிவிட்டது போலிருக்கிறது. அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, பேப்பருக்குள் மூச்சு சூடாகித் திரும்பி முகத்திலேயே அடித்தது, ஒட்டுமீசையின் பசை உருகி மேலுதட்டில் இறங்கியது.

“சத்தியமா சொல்றேன், அப்பாவுக்கு ஒரு எழுத்துகூடக் கேக்காது.” இதுதான். இதற்கு அடுத்தது அவர். தணிகாசலம் கண்ணை ஓட்டையில் வைத்து அகலத் திறந்துகொண்டார். நீலப் புடவை நகர்ந்து, வட்டத்துக்குள் எஸ்தரின் முகம் வந்து நின்றது, நெற்றியிலிருந்து மோவாய்வரை, மேக்கப் வேர்வையில் திட்டுத்திட்டாக. வாடி, இப்போது செய், என்ன செய்கிறாயோ செய். வழக்கம்போல நெஞ்சு ஒருதரம் நின்று நடந்தது. பத்திரத்துல கையெழுத்து வேணும்னா எழுப்புங்கடா. விழுந்தது, அழகாக, ‘எழுப்புங்கடா’வில் அந்த இழுப்போடு. அவர் சிரிப்புக்காகக் காத்திருந்தார். இல்லை. கல். ஃபேன் சுற்றுகிற சத்தம், பிச்சாண்டியின் இருமல். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. முந்தானையை உதறவில்லை. முந்தானையை உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அவரையே, பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. சத்தமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாக, பத்… தி… ரத்… துல… என்று. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பிள்ளை பாட்டை மறந்து நிற்கும்போது கீழே உட்கார்ந்து அம்மா வாயசைப்பாளே, அந்த மாதிரி. எதற்கு எடுத்துக் கொடுக்கிறாள்? சொல்லிவிட்டேனே, இப்போதுதானே சொன்னேன். இது என்ன புதுத் தந்திரம்? கோதண்டத்தைப் பார்த்தாள், திரும்ப இவரைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் நிற்கிற மாதிரி இருந்தது, விளக்கு வெளிச்சமாகவும் இருக்கலாம். ஏன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓட்டை அசையவேயில்லை. பேசினால் பேப்பர் துள்ளும். குறட்டைக்கே வழுக்கியது. இவ்வளவு நேரமும் அவள் முகம் போட்டோவில் இருப்பதுபோல வட்டத்துக்குள் ஆடாமல் இருக்கிறது. அவர் வாயைத் திறந்து பார்த்தார். திறக்கவில்லை. மீசைப் பசை இறங்கி இரண்டு உதட்டையும் சேர்த்து ஒட்டியிருந்தது. பலமாகப் பிரித்தபோது தோல் உரிந்து எரிந்தது. அந்த உதட்டிலிருந்து ஒரு சொல்லும் வெளியே போயிருக்க முடியாது.

சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லிப் பார்த்ததோடு நின்றுவிட்டது. சொல்லிப் பார்த்ததையே சொன்னதாக எடுத்துக்கொண்டு சிரிப்புக்குக் காத்திருந்திருக்கிறார். இன்றைக்கு மட்டுமா? இப்போதாவது சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுப்பதற்குள், “ஏங்க, மாமா ஏதோ முனகுறாருங்க” என்றாள் எஸ்தர். குனிந்து பேப்பருக்குக் காதைக் கொடுத்தாள். அவள் மூச்சே அவருக்குக் கேட்டது. ஒரு வினாடி காத்தாள், நிஜமாகவே காத்தாள், இப்போதாவது வராதா என்று. அப்புறம் நிமிர்ந்து, “பத்திரத்துல கையெழுத்து வேணும்னா எழுப்பணுமாம்!” என்றாள். அரங்கம் அதிர்ந்தது. அவளுடைய வால் இல்லை அது. அவர் விட்டுவிட்டுப் போன பள்ளத்தில் ஜனங்கள் விழாமல் அவள் போடுகிற பலகை. கிட்டே வந்து நின்றது மைக்கை மறைக்க இல்லை, ஒருவேளை முனகலாகவாவது வருகிறதா என்று கேட்க. எத்தனை ஷோவாக? கோதண்டத்தின் தோள் அழுத்தல், சிவபாலன் பார்க்காத மூஞ்சி, நின்றுபோன பேச்சு. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்து, ஒருத்தரும் சொல்லாமல், அவரைச் சுற்றி நின்று அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நாடகத்தை நடத்திக்கொண்டு போகிறார்கள். சதி என்றால் சண்டை போடலாம், சபாவில் புகார் சொல்லலாம், வீம்பாக வெளியே போகலாம். இரக்கத்தை என்ன செய்வது? பிச்சாண்டி திருட வந்தவர் இல்லை, கூப்பிட்டு உட்கார வைக்கப்பட்டவர். என்றைக்காவது ஒருநாள் பேப்பருக்கு அடியில் படுத்தவன் எழுந்திருக்காமலே கிடந்தால் என்ன செய்வது என்று யோசித்து உட்கார வைத்திருக்கிறார்கள். யாராயிருந்தாலும் செய்கிற காரியம்தான். அவரே டைரக்டராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். அது புரிந்தபோது தாங்கமுடியாத கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

“புது ஃபிளாட்ல ரெண்டே ரூம்தான். ஒண்ணு நமக்கு, ஒண்ணு பையனுக்கு.” திரை வசனம் நெருங்குகிறது. இதைச் சொல்லவேண்டும், வாயால், சத்தமாக, இந்த உதட்டால். மனசுக்குள் சொல்லிப் பார்க்கக் கூடாது. சொல்லிப் பார்த்தால் போச்சு. வேறு எதையாவது நினை, டிரான்ஸ்ஃபார்மரை நினை, செருப்பு அளவை நினை. புது வீட்ல என் நாற்காலிய எங்கடா போடப் போறீங்க. ஐயோ, மனசு சொல்லிவிட்டது. கேட்காமலே சொல்லிவிட்டது. இது உள்ளே சொன்னது, இது கணக்கில் இல்லை, இதை நம்பாதே. “அப்புறம் என்ன, முடிச்சிடலாம்” என்றான் கோதண்டம். தணிகாசலம் பேப்பரைப் பிடித்து இழுத்தார். வெளிச்சம் கண்ணில் குத்தியது. எழுந்து உட்கார்ந்து, “புது வீட்ல என் நாற்காலிய எங்கடா போடப் போறீங்க?” என்றார். என்றாரா? ஒரு வினாடி ஒன்றுமில்லை. இந்த இடத்தில் எப்போதும் ஒரு வினாடி ஒன்றும் இருக்காது, ஜனங்களுக்கு வசனம் உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் ஆகும், ஆனால் அது அவருக்கு ஞாபகம் இல்லை. “என் நாற்காலிய எங்கடா போடப் போறீங்க?” உரக்கச் சொன்னார். சிரிப்பு வந்தது. எதற்கு வந்தது? எஸ்தர் சொல்லியிருப்பாளோ? கோதண்டம் ஏதாவது சேட்டை பண்ணியிருப்பானோ? நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார், ஸ்கிரிப்டில் அவர் எழுந்து நிற்பதில்லை. “எங்கடா போடப் போறீங்க? டேய், சொல்லுங்கடா, என்னை எங்கடா போடப் போறீங்க?” குரல் உடைந்தது. சிரிப்பு பாதியில் நின்று, அரங்கம் அடங்கி, அப்புறம் எங்கோ பின்வரிசையில் ஒரு கைதட்டல் ஆரம்பித்து முன்னால் பரவியது. வலது விங்கில் பிச்சாண்டி ஸ்டூலை விட்டு எழுந்து நிற்பது தெரிந்தது. திரைக் கயிற்றைப் பிடித்தவன் இழுக்கலாமா வேண்டாமா என்று சிவபாலனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எஸ்தர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அவருடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள். “கேட்டுச்சுண்ணே” என்றாள் மெதுவாக. “முதல் தடவையே கேட்டுச்சு.” கைதட்டலில் அவள் வாய் அசைந்ததைத்தான் அவர் பார்த்தார். அவள் வாய்விட்டுத்தான் சொன்னாளா, தனக்காகத் தன் மனசு சொல்லிக்கொண்டதா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

“இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார்.

அவள் சொன்னாள்.